கனலேகா என்று சொன்னால் தார்ப்பாய்

நெல்லுக்குப் பேர் போன மண்ணில் சொல்லுக்கு விழா எடுத்திருக்கும் இந்த அவையின் தலைவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஊரைத் திருத்துவதிலிருந்து ஓய்வு பெறாத தலைமையாசிரியர் ஐயா பஞ்சநதம் அவர்களே! பதினோரு ஆண்டுகள் களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் காது கொடுத்துத் திரிந்து, நாம் பேசுகிற பேச்சை நமக்கே அகராதிப் புத்தகமாகத் திருப்பித் தந்திருக்கும் பேராசிரியர் இசைவாணி அவர்களே! அனுபவத்தில் மூத்து, பொறுமையிலும் மூத்து, இரண்டு மணி நேரமாக இந்த நாற்காலிகளைத் தாங்கிக்கொண்டிருக்கும் பெரியோர்களே! நடவு வயலில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, நேரே இங்கே வந்து அமர்ந்திருக்கும் என்னைப் பெறாத தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் கேட்பேன் என்று அடம்பிடிக்கும் தம்பிமார்களே! வலங்கைமான் வாழ் நல்லோர் அனைவருக்கும், ஆறு ஆண்டுகள் மேடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத இந்தக் கனகாவின் தலைதாழ்ந்த வணக்கம்!

கைதட்டாதீர்கள். இன்றைக்கு நான் பேசி முடித்த பிறகு தட்டலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டுக் கைக்கடிகாரத்தை மேசை மேல் கழற்றியும் வைத்துவிட்டார். என்னை அறிந்தவர் அல்லவா!

சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சொல் எங்கே பிறக்கிறது? புலவர் நாவிலா? புத்தக ஏட்டிலா? பெரியோர்களே, சில சொற்கள் கடைத்தெருவில் பிறக்கின்றன! நம் தெருக்கோடியில் இருக்கிறதே, அது நகல் எடுக்கும் கடையா? யாராவது அப்படிச் சொல்கிறீர்களா? ஜெராக்ஸ் கடை! வாய்க்கால் தூர்வார வந்ததே, அது மண் அள்ளும் இயந்திரமா? ஜேசிபி! எந்த நிறுவனம் செய்தால் என்ன, எந்த நிறத்தில் வந்தால் என்ன, மஞ்சள் கையை ஆட்டிக்கொண்டு வந்தால் அது ஜேசிபி! பலசரக்குக் கடையில் போய்க் 'கோல்கேட் ஒன்னு குடுங்க' என்று கேட்டு, வேறொரு பற்பசையை வாங்கிக்கொண்டு, 'கோல்கேட் வாங்கிட்டேன்' என்று வீட்டுக்கு வருகிறோமா இல்லையா? வனஸ்பதி என்று யார் சொன்னோம்? டால்டா! அது தீர்ந்த பிறகும் விட்டோமா? டால்டா டப்பாவில் துளசி வைத்தோம்! என்னம்மா அங்கே? பெவிகாலா? ஆமாம் தாயே, அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒட்டினால் விடாத பெயர் அது.

இதெல்லாம் பெரிய பெரிய ஆலைகளின் பெயர்கள். ஆயிரம் பேர் உழைத்து, அங்கங்கே விளம்பரம் செய்து, நம் வாய்க்குள் கொண்டுவந்து வைத்த பெயர்கள். ஒரு பொருளின் பெயர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால், பெயர் வைத்தவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவரை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை.

ஆனால் விளம்பரமே இல்லாமல், ஆலையே இல்லாமல், அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பிறந்த சொல் ஒன்று இந்த அகராதியில் இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். வாசிக்கிறேன். 'கனலேகா. பெயர்ச்சொல். நெல், வைக்கோல், படகு முதலியவற்றை மழைக்கு மூடும் தார்ப்பாய். வலங்கைமான், திருவாரூர், கீழ்வேளூர் வட்டார வழக்கு. சொல்லின் மூலம் தெரியவில்லை.'

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மூலம் தெரியவில்லையாம்! அம்மா இசைவாணி, உங்கள் மேல் குற்றம் இல்லை. இந்த மண்டபத்தில் இருக்கிற முந்நூறு பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொள்முதல் நிலையத்தில் மேகம் திரண்டதும் 'டேய், கனலேகாவ இழுத்து மூடுடா' என்று கத்துகிறீர்களே, கல்யாண வீட்டு வாசலில் 'ஒரு கனலேகா கட்டிடுங்க' என்கிறீர்களே, அந்தச் சொல்லில் பாதி உங்கள் முன்னால் நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கனகாவில் பாதி. கன! மீதிப் பாதி இங்கே இல்லை. சந்திரலேகாவில் பாதி. லேகா!

அவளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

தொண்ணூற்று ஆறாம் ஆண்டு, தை மாதம். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் இறங்கிய குடும்பம். அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, எங்கள் கையால் எங்களுக்கென்று அறுத்தோம். களத்தில் நெல் காய்கிறது. காவல் நான் ஒருத்தி. எதிர்பாராத மழை! தை மாதத்தில், தாய்மார்களே, தண்ணீர் கேட்ட நாளிலெல்லாம் வராத மழை, வேண்டாத நாளில் வந்து விழுகிறது! நான் நெல்லைக் கூட்டுவேனா? சாக்கில் அள்ளுவேனா? சாமியைக் கூப்பிடுவேனா? மூன்றையும் செய்யாமல் களத்து நடுவில் நின்று அலறிக்கொண்டிருந்தேன்.

அப்போது சாலையில் ஒருத்தி. தலையில் கருவாட்டுக் கூடை. அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பத்திலிருந்து வாரச் சந்தைக்கு வந்தவள். என்னை அவளுக்கு முன்பின் தெரியாது. கூடையை இறக்கினாள். கருவாட்டின் மேல் போர்த்தியிருந்த பெரிய பாயை, படகு மூடுகிற பாயை, ஒரே இழுப்பில் உருவினாள். நெல்லின் மேல் வீசினாள். கடலில் வலை வீசுகிற வீட்டுப் பெண் அல்லவா, நாலு மூலையும் நாலு திசைக்குப் போய் விழுந்தது! அரை மணி நேரம் இரண்டு பேரும் பாயின் ஓரத்தில் குந்தி, காற்றுக்குத் தூக்காமல் அமுக்கிக்கொண்டிருந்தோம். அவள் கூடை திறந்தபடி மழையில் கிடந்தது.

மழை விட்டதும் நான் சொன்னேன், "ஒங்க கருவாடு அவ்வளவும் போச்சேங்க." அவள் பாயை உதறிக்கொண்டே சொன்னாள், "கருவாடு நனைஞ்சா திரும்பக் காயப் போட்டுக்கலாம். நெல்லு நனைஞ்சா மொளைச்சிரும்ல?"

பெரியோர்களே, அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டுச் சோற்றில் கருவாட்டு வாசம் வீசியது. குழம்பே வேண்டாம், சோறே போதும் என்று என் தம்பி தங்கையன் சாப்பிட்டான்!

அடுத்த வாரச் சந்தைக்கு வந்தவளை வீட்டுக்கு இழுத்து வந்தேன். அதற்கடுத்த வாரமும் வந்தாள். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஒரு பழைய தையல் இயந்திரம் கிடந்தது. தோழர்கள் கொடுத்தார்கள். இருவரும் சேர்ந்து தார்ப்பாய் செய்யத் தொடங்கினோம். துணி பார்த்து வாங்குவது அவள் வேலை. திருச்சிக்குப் போவாள், ஒரு முழம் துணியைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடிப்பாள், கண்ணைச் சுருக்குவாள், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஓரம் மடித்துத் தைப்பது என் வேலை. தைத்த பிறகு மூலையில் கயிறு கோத்து முடிச்சுப் போடுவது மறுபடியும் அவள் வேலை. வலை பின்னுகிற ஊசியை வைத்து, வலைக்காரர் போடுகிற முடிச்சைப் போடுவாள். இழுக்க இழுக்க இறுகும். இந்தத் தஞ்சைத் தரணியில் வேறு எவரும் தார்ப்பாய் மூலையில் அந்த முடிச்சைப் போட்டதில்லை.

பெயர் எப்படி வந்தது? பெரிய ஆலைக்காரர்கள் பெயர் வைக்கப் பெரும் கூட்டம் கூட்டுவார்களாம். எங்களுக்குக் கூட்டம் கூடியது அச்சடிக்கிற மனோகரன் கடையில், மூன்றே பேர். மனோகரன் கேட்டார், "என்னம்மா பேரு போடணும்?" நான் சந்திரலேகா என்றேன். அவள் கனகா என்றாள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மனோகரன் தலையில் அடித்துக்கொண்டு, "அச்சுல நாலெழுத்துக்குத்தான் எடம் இருக்கு, சண்டையை வெளிய போய்ப் போடுங்க" என்றார். அவள்தான் சொன்னாள், "இவ பேருல முன்னாடி ரெண்டு, எம்பேருல பின்னாடி ரெண்டு. இவ முன்னாடி நிக்கட்டுங்க, இவளுக்குத்தான் பேச வரும். நான் பின்னாடி இருந்துக்கிறேன்."

இப்படிப் பிறந்தது கனலேகா! சொல்லிப் பாருங்கள். எங்கே ஒருத்தி முடிகிறாள், எங்கே ஒருத்தி தொடங்குகிறாள் என்று நாக்குக்குத் தெரிகிறதா?

பதினைந்து ஆண்டுகள்! அந்தக் கொட்டகையில் பதினைந்து ஆண்டுகள்! ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவாள், திங்கட்கிழமை முதல் பேருந்தில் வந்துவிடுவாள். அவள் மகள் வானதி துணிச் சுருள்களின் மேல் தூங்கித்தான் வளர்ந்தாள். நான் பேசிக்கொண்டே தைப்பேன். அவள் பேசாமல் முடிச்சுப் போடுவாள். நாளெல்லாம் நான் ஆயிரம் வார்த்தை பேசினால் அவள் பத்து வார்த்தை பேசுவாள். என் ஆயிரத்தில் ஒன்றுகூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை. அவளுடைய பத்தையும் மறக்க முடியவில்லை. மேடையில் நான் பேசப் போனால் முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வாள். நான் வாய் தவறிப் பேசிவிட்டால் மூக்கைத் தொடுவாள். மூக்கைத் தொட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும். இந்த ஊரே என்னை 'மேடை கனகா' என்றது. என் மேடையை நடத்தியது அவளுடைய மூக்கு என்பது யாருக்குத் தெரியும்?

கனலேகா பெருகியது. நாங்கள் தைத்தது கொஞ்சம், ஊர் சொன்னது கொள்ளை. ஒருநாள் திருவாரூரில் ஒரு கடைக்கு வேடிக்கையாகப் போய், என்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல், "கனலேகா இருக்குங்களா?" என்று கேட்டேன். கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், "மூணு கம்பெனி கனலேகா இருக்குங்கம்மா. நீலம் வேணுமா, மஞ்சள் வேணுமா?" மூன்று கம்பெனிக் கனலேகா! என் காது குளிர்ந்துவிட்டது! பேருந்தில் கால் தரையில் படவில்லை. கொட்டகைக்கு வந்து அவளிடம் ஆடிக்காட்டிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எவன் செஞ்சதுக்கும் நம்ம பேரா?" என்று கேட்டாள். "நாளைக்கு எவனோ செஞ்ச பாய் ஒழுகுனா, யாருடி பதில் சொல்றது?"

பொறாமைக்காரி என்று அவளைக் கேலி செய்தேன். பேர் புகழோடு இருப்பது பிடிக்கவில்லையா என்றேன். அவள் முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். ஐயா, இனிமேல்தான் நான் வந்த வேலை.

இரண்டாயிரத்துப் பதினொன்று, அதே தை மாதம். நெல் மூட்டைகளோடு நம் மக்கள் கொள்முதல் நிலையத்து வாசலில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. மேற்கூரை வேண்டும் என்று கேட்டுக் கீழ்வேளூரில் பொதுக்கூட்டம். மேடையில் நான். முதல் வரிசையில் அவள். ஆயிரம் பேர் கூட்டம். என் தொண்டையில் நெருப்பு. 'நனைவது நெல்லா, நம் நெஞ்சா?' என்று நான் கேட்க, கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான் என் தம்பி தங்கையன். கை நிறைய நெல். முளைவிட்ட நெல். பச்சைப் பசேல் என்று முளைவிட்ட நெல்லை மேடைக்கு நேராக நீட்டினான்.

"அக்கா! ஒன் கனலேகாதான் போட்டு மூடுனேன். பூராவும் ஒழுவிருச்சுக்கா. ஒன் பாயே என்னைக் கவுத்துருச்சே!"

ஆயிரம் பேர் என்னைப் பார்த்தார்கள். தாய்மார்களே, ஆயிரம் கண் புகழோடு பார்த்துப் பழகியவளை ஆயிரம் கண் சந்தேகத்தோடு பார்த்தால் அவள் என்ன செய்ய வேண்டும்? இறங்கிப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். அரை மணி நேரம் போதும். போய்ப் பாயின் மூலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும்!

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே பார்த்தேன். அவள் மூக்கைத் தொட்டாள். தொட்டபடியே என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும், மைக்கை நெருக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அதே வார்த்தைகளை இன்று சொல்கிறேன், கூட்டாமல், குறைக்காமல்.

"தைத்தவள் நான். தையலில் தவறில்லை. துணி வாங்கியவள் இதோ உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள்! கருவாட்டுக் கூடை சுமந்தவளுக்கு நெல்லின் அருமை எப்படித் தெரியும்?"

கைதட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்குக் கைதட்டினார்கள், நான் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன்.

அவள் எழுந்தாள். பையை எடுத்தாள். ஆயிரம் பேர் நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மறுநாள் கொட்டகைச் சாவி டீக்கடையில் இருந்தது. வலை ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வருவாள், வருவாள் என்று ஒரு மாதம் திங்கட்கிழமை முதல் பேருந்துக்குப் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க நிற்கவில்லை, பெரியோர்களே! தவறு செய்தவள் அவள்தானே, தலை குனிந்து வரட்டும், பெருந்தன்மையாக மன்னித்துவிடலாம் என்று நின்றேன். என் பெருந்தன்மையைப் பாருங்கள்!

கொட்டகையைப் பூட்டிவிட்டேன். கனலேகா நின்றது. ஆனால் கனலேகா நிற்கவில்லை! யார் யாரோ செய்தார்கள், எதையெதையோ விற்றார்கள், எல்லாவற்றையும் நீங்கள் கனலேகா என்றே வாங்கினீர்கள்.

ஏழாண்டுகள் கழித்துக் கஜா புயல் அடித்தது. தங்கையன் வீட்டுக் கூரை போய்விட்டது என்று ஓடினேன். ஒரு பழைய பாயைக் கூரைமேல் போட்டிருந்தான். காற்றில் ஒரு மூலை அடித்துக்கொண்டிருந்தது. கட்டலாம் என்று ஏறி மூலையைப் பிடித்தேன். பிடித்த கை அப்படியே நின்றது. முடிச்சு இல்லை. அந்த இடத்தில் ஓர் இரும்பு வளையம். அதன் பக்கத்தில் யாரோ ஒரு கம்பெனியின் பெயர். மேலே இருந்தபடியே கத்தினேன்.

"தங்கையா, இது எந்தப் பாயிடா?"

"அன்னைக்கு நெல்லு மூடுன பாய்தான்க்கா. எடுத்து வச்சிருந்தேன்."

"இது நம்ம கனலேகா இல்லடா!"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நீ ஒன்னுதான குடுத்திருந்த? மூட்டை நெறைய இருந்துச்சு, பத்தல. கடையில கனலேகான்னு கேட்டேன், குடுத்தாங்க. கனலேகான்னா கனலேகாதானக்கா?"

"நான் குடுத்த பாயிக்குக் கீழ இருந்த நெல்லு?"

"அது நனையலயே. நீ அதைக் கேக்கவே இல்லயே."

கேட்கவே இல்லையே! ஆயிரம் கேள்வி கேட்பவள், அரசாங்கத்தைக் கேட்பவள், அதிகாரிகளைக் கேட்பவள், அந்த ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லையே! என் தம்பி பொய் சொல்லவில்லை. உங்களைப் போலத்தான் அவனும் பேசினான். ஊரே சொல்வதைத்தான் சொன்னான். எந்தச் சொல்லைக் கேட்டு என் காது குளிர்ந்ததோ, அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் என் அறிவு அவிந்தது. துணி பார்த்து வாங்கியவள் தவறவில்லை. முடிச்சுப் போட்டவள் தவறவில்லை. தவறியது என் நாக்கு ஒன்றுதான்.

குப்பத்துக்குப் போனேன். புயலில் பாதிக் குப்பம் இல்லை. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். மறுபடி போனேன். "அம்மா மீன் ஏலத்துக்குப் போயிருக்காங்க பெரியம்மா" என்று வானதி சொன்னாள். சொல்லும்போது அவள் கண் அடுக்களைப் பக்கம் போயிற்று. மூன்றாம் முறை போனபோது சந்திரலேகா வாசலுக்கே வந்தாள். காலில் விழப் போனேன், தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அந்தக் கை எவ்வளவு மெலிந்து போயிருந்தது! ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஆயிரம் பேரு முன்னாடி சொன்னதுக்கு, ஆளில்லாத எடத்துல வந்து அழுவுற. எனக்கு இது வேணாம் கனகா."

அவள் கேட்டது நியாயம். அந்த நியாயத்தைச் செய்யும் துணிவு எனக்கு வரவில்லை. மேடை ஏறினால் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் மேடை கனகா என்கிற பெயர் போய்விடும். அதற்குப் பயந்து ஆறு ஆண்டுகள் மேடையே ஏறாமல் இருந்தேன். உடம்பு சரியில்லை என்றேன், தொண்டை கட்டிவிட்டது என்றேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது, தாய்மார்களே.

எத்தனை இடத்தில் அவளைக் கேட்டிருக்கிறேன்! மழை தூறினால் போதும், இந்த ஊரே எங்கள் இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுகிறது. 'கனலேகாவ எடு! கனலேகாவ விரி!' நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு கேட்பேன். உங்கள் வாயில் நாங்கள் பிரியவே இல்லை. உங்கள் நாக்கு எங்களைத் தைத்த தையலை எவராலும் பிரிக்க முடியவில்லை. ஆனால் என் வீட்டில் ஒரு தட்டுதான். என் கதவை எந்தத் திங்கட்கிழமையும் யாரும் தட்டவில்லை. எனக்கு அவள் வேண்டும். இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கம் என்ன? எனக்கு அவள் வேண்டும்!

ஆகவே, வலங்கைமான் பெருமக்களே, நீங்கள் சாட்சி. ஒரு மேடையில் நான் சொன்னது பொய். சந்திரலேகா வாங்கிய துணி ஒழுகவில்லை. நெல்லின் அருமை தெரியாதவள் நான்! நெல்லுக்காகத் தன் பிழைப்பை மழையில் விட்டவள் அவள்! அந்தச் சொல்லை இந்த மேடையில், இந்த மைக்கில், உங்கள் அனைவர் முன்னாலும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பேராசிரியர் அவர்களே, 'மூலம் தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்திரலேகா, கனகா என்ற இரு பெண்கள். சந்திரலேகாவை முன்னால் எழுதுங்கள்! கடற்கரையிலிருந்து வந்தவள், களத்து நெல்லைக் காத்தவள், பின்னால் இருந்துகொள்கிறேன் என்று சொன்னவளை, தாயே, ஒரே ஒருமுறை முன்னால் எழுதுங்கள்!

அவளுக்கு அழைப்பிதழ் அனுப்பினேன். வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. யாராவது அந்தப் பக்கம் மீன் வாங்கப் போனால், கனகா இப்படிப் பேசினாள் என்று...

என்ன, பின்னால் சலசலப்பு? யாரது எழுந்து வருவது? வழி விடுங்க தம்பி, அந்தப் பொண்ணுக்கு வழி விடுங்க. கையில போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு... வானதியா? வானதி, நீ எப்ப வந்த? ஆரம்பத்துலேர்ந்தா? போன்ல யாரு?

பொறுங்கள். தலைவர் அவர்களே, ஒரு நிமிடம். ஒரு சீட்டு கொடுக்கிறாள். கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

வாசித்துவிடுகிறேன். ஒளிப்பதற்கு இனிமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. வானதியின் கையெழுத்து. 'பெரியம்மா, நீங்க பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அம்மா போன்ல கேட்டுக்கிட்டு இருக்காங்க. இப்ப சொல்லச் சொன்னாங்க: மேடையில பேசுனது போதும். பேச்ச நிறுத்திட்டு வீட்டுக்கு வரச் சொல்லு.'

...

மன்னியுங்கள். ஒரு வாய் தண்ணீர். சரி.

தலைவர் அவர்களே, இன்னும் சொல்வதற்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அத்தனையையும் இப்படியே மடித்துக்கொள்கிறேன். வாழ்நாளில் முதன்முறையாக, நேரம் முடிவதற்கு முன்பே... இல்லையா? முடிந்து வெகு நேரமாகிவிட்டதா? பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி ஐயா. என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்த பேராசிரியருக்கு நன்றி. ஆறாண்டு ஊமையாய் இருந்தவளை உட்கார்ந்து கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. கைதட்ட வேண்டாம், வானதி போன் இன்னும் அணையவில்லை, அந்தச் சத்தம் அவளுக்கு மறுபடி கேட்க வேண்டாம். பட்டுக்கோட்டைப் பேருந்து நாலே முக்காலுக்கு. எல்லோருக்கும் வணக்கம். தம்பி, இந்த மைக்க நிறுத்துப்பா. நான் போவணும்.